ஏரிக்கரையில் நாசர் பேசியது

மேலகரத்தில் சாலையோரம் வீடு இருந்தால் குற்றால சீசன் தொடங்கிவிட்டதா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனி மாதம் ஒரு நாள் காலையில் காற்று மாறும். மொட்டை மாடியில் காயப்போட்ட துணி உலராமல் கனத்துத் தொங்கும். அன்று மதியத்திலிருந்தே வேன்கள் வரிசை கட்டும். போகும்போது பாட்டுச் சத்தத்தோடு போகும். திரும்பும்போது ஜன்னல் கம்பிகளில் ஈரத் துண்டுகளைக் கட்டிக்கொண்டு, உள்ளே எல்லாரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்க, சத்தமில்லாமல் வரும். ஹஸீபா மாடியில் நின்று பார்ப்பதெல்லாம் அந்தத் தூக்கத்தைத்தான். நனைந்த தலையோடு புருஷன் தோளில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கும் பெண்களை.

அவளுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. தென்காசியில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் நாசருக்குக் கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டாவது நாள் நாசர் சவூதிக்கு விமானம் ஏறினார். அங்கே ஜுபைல் என்ற ஊரில், பாலைவனத்துக்குள் இருக்கிற வேலைத்தளங்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலை. அந்த நாற்பத்திரண்டு நாளில் ஒரு நாள், ஐந்தருவிப் பக்கம் உள்ள படகுத்துறையை பைக்கில் கடக்கும்போது, அவர் வண்டியை நிறுத்திச் சொன்னார்: "அடுத்த தடவ சீசன்ல வாறேன் புள்ள. ரெண்டு பேருமா போட்ல போவோம்."

கம்பெனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு கொடுத்தது. அது எப்போதும் கார்த்திகை, மார்கழியில்தான் வந்தது. அப்போது அருவியில் நூல் மாதிரி தண்ணீர் விழும், படகுகளைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். ஒரே ஒரு முறை ஆடியில் வந்தார். அந்த முறை அவருடைய உம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். லீவு முழுவதும் அங்கேயே போனது.

ஹஸீபாவை யாரும் போகாதே என்று சொல்லவில்லை. மகள் சஃப்ரினும் மகன் முஃபீதும் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது அவளுடைய தம்பி அவர்களைப் படகுக்குக் கூட்டிப் போவான். அவளும் கூடவே போவாள். ஆனால் படகில் ஏறமாட்டாள். நாலு ஜோடிச் செருப்பையும் துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பாள். "உம்மா, நீங்களும் வாங்கம்மா" என்று பிள்ளைகள் கத்தினால், "வாப்பா வரட்டும்" என்பாள். பிள்ளைகள் வளர்ந்து அப்படிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். அவள் தன் வார்த்தையை விடவில்லை.

இப்படிச் சொன்னால் அவள் இருபத்தைந்து வருடம் அழுதுகொண்டே இருந்தாள் என்று தோன்றும். அப்படி இல்லை. அவளுக்கு வெள்ளிக்கிழமை இருந்தது.

முதலில் பக்கத்து வீட்டு மங்களேஸ்வரியின் டெலிபோனில்தான் அழைப்பு வரும். மங்களேஸ்வரி சுவர் மேலாக எட்டி, "ஏட்டி ஹஸீபா, ஒன் ஆளு லைன்ல இருக்காவ, ஓடியா" என்பாள். ஹஸீபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஓடுவாள். மூன்று நிமிடம், நாலு நிமிடம். பிறகு செல்போன் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, இங்கே மூன்று மணி சுமாருக்கு நாசர் கூப்பிடுவார். கூப்பிட்டால் இரண்டு மணி நேரம். சில நாள் அதற்கும் மேல்.

என்ன பேசுவார்? எல்லாம் பேசுவார். லாரி டயர் மணலில் புதைந்தது, ஒட்டகம் குறுக்கே வந்தது, அறையில் கூட இருக்கிற இலத்தூர் பரமசிவன் சாம்பாரில் உப்பை இரண்டு முறை போட்டது. பரமசிவன் குறட்டை விடுவது, பரமசிவன் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது. பத்தொன்பது வருடம் ஒரே அறையில் இருந்த மனிதர் என்பதால் பரமசிவனைப் பார்க்காமலே ஹஸீபாவுக்கு அவரைத் தெரியும். பேச்சுக்கு நடுவில் "நீ சாப்பிட்டியா? என்ன கொழம்பு?" என்று கேட்காமல் ஒரு வெள்ளியும் போனதில்லை. பின்னால் தண்ணீர் கல்லில் மோதுகிற சத்தம் கேட்கும். கடல் ஓரமாக உட்கார்ந்து பேசுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை.

வீடியோ கால் வந்தபோது முஃபீத் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். ஒரு வெள்ளி அதில் பேசிப் பார்த்தார்கள். நாசர் திரையில் வந்து, "ம்... நல்லாருக்கியா?" என்று கேட்டுவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். ஏழே நிமிடத்தில் பேச்சு தீர்ந்தது. அடுத்த வெள்ளியிலிருந்து பழையபடி வெறும் குரலுக்கே போய்விட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாசர் ஒரேயடியாக ஊருக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது முடிந்திருந்தது. கம்பெனி ஆட்களைக் குறைத்தது. மூன்று பெட்டியும் ஒரு போர்வையுமாக வந்து இறங்கினார். வீடு நிறைந்தது. உறவுக்காரர்கள் வந்தார்கள், ஒரு வாரம் சோறாக்கி முடியவில்லை. பிறகு எல்லாரும் போனார்கள். மகள் கடையநல்லூரில், மகன் சென்னையில். வீட்டில் இரண்டு பேர்.

அப்போதுதான் ஹஸீபாவுக்குத் தெரிந்தது, இந்த மனிதரிடம் எப்படிப் பேசுவது என்று தனக்குத் தெரியாது.

நாசர் நல்ல மனிதர்தான். காலையில் எழுந்து தொழுவார், தன் தட்டைத் தானே கழுவி வைப்பார், சட்டையைத் தானே தேய்த்துக்கொள்வார். தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால், "டம்ளர் எங்கன இருக்கு?" என்று அடுப்படி வாசலில் நின்று விருந்தாளி மாதிரி கேட்பார். அவள் எடுத்துக் கொடுத்தால், "ம்" என்பார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் கண் சோற்றில் இருக்கும். அவள் ஏதாவது சொல்லத் தொடங்கினால் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வை மேல் பட்டதும் சொல்ல வந்தது அவளுக்கு மறந்துபோகும்.

ஒருநாள் அவருடைய போனை எடுத்துக் கொடுக்கும்போது திரையைப் பார்த்தாள். தட்பவெப்பம் காட்டுகிற இடத்தில் ஜுபைல் என்று இருந்தது. நாற்பத்து நான்கு டிகிரி. வெளியே மேலகரத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் போனைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம்தான் மோசம். சாப்பாடு முடிந்து நாசர் உள் அறையில் படுத்துவிடுவார். மூன்று மணிக்கு அவளுடைய கை தானாகப் போனைத் தேடும். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள். ஆள் பத்தடி தூரத்தில் தூங்குகிறார். ஆனால் அந்தக் குரல் இந்த வீட்டில் இல்லை. அதை நினைக்கும்போது அவளுக்கே வெட்கமாக இருக்கும். புருஷன் திரும்பி வர வேண்டும் என்று இருபத்தைந்து வருடம் துஆ கேட்டவள், வந்த பிறகு யாரைத் தேடுகிறாள்? இதை யாரிடம் சொல்ல முடியும்? மங்களேஸ்வரியிடம் ஒரு தடவை அரைகுறையாகச் சொல்லத் தொடங்கினாள். "ஒனக்கென்னட்டி, ஆளு வீட்டோட வந்துட்டாவ. கொடுத்து வச்சவ நீ" என்று அவள் சொல்லிவிட்டாள். பேச்சு அதோடு நின்றது.

இரண்டாவது சீசனும் வந்தது. வேன்கள் போயின, வந்தன. நாசருக்குப் படகு ஞாபகமில்லை. அவளும் ஞாபகப்படுத்தவில்லை. கேட்டு வாங்குகிற விஷயமா அது?

ஆவணி மாதம் உம்மா வீட்டுக்கு வந்த சஃப்ரின் இரண்டு நாள் இருவரையும் பார்த்தாள். மூன்றாம் நாள் அடுப்படியில் வைத்துக் கேட்டாள்: "உம்மா, நீங்களும் வாப்பாவும் தனியா எங்கயாச்சும் போயிருக்கீங்களா?"

"ஏம் போகாம? ஏர்வாடி தர்காவுக்குப் போனோம்லா."

"அதுல பதினோரு பேரு. நானே உங்க மடியில இருந்தேன்."

ஹஸீபா யோசித்துப் பார்த்தாள். பைக்கில் போன அந்த ஒரு நாளைத் தவிர வேறு எதுவும் இல்லை.

சஃப்ரினின் மாப்பிள்ளை சுஹைப் தன் நண்பர்களோடு போய்வந்த ஒரு இடம் இருந்தது. செங்கோட்டை, புளியரை தாண்டி, மலையேறி, கேரள எல்லைக்குள் போய், அங்கிருந்து ஜீப்பில் ஆறேழு கிலோமீட்டர் உள்ளே. பழைய ரப்பர் எஸ்டேட்காரர்கள் தேக்கி வைத்த ஏரி. அதன் கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாம், தூண்டில் போடலாம், படகு விடலாம். போன் எடுக்காது. சுஹைப் இரண்டு நாளுக்குப் பதிவு செய்துவிட்டான். நாசரிடம் சொன்னபோது, "இந்த வயசுல கூடாரமா?" என்றார். "மீன் பிடிக்கலாம் மாமா" என்று சுஹைப் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "என்ன மீனு?" என்று கேட்டார். அவ்வளவுதான், போவதென்று முடிவாகிவிட்டது.

கோட்டைவாசல் வளைவுகளில் வாடகைக் கார் ஏறும்போது இருவரும் பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நடுவில் தேங்காய்ச்சோறும் கறியும் வைத்த தூக்குவாளி. வளைவில் அது சரியும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள். அப்புறம் விட்டார்கள்.

ஜீப் இறக்கிவிட்ட இடத்தில் ஸ்ரீவித்யா என்ற பெண் காத்திருந்தாள். அந்த முகாமைப் பார்த்துக்கொள்கிறவள். செங்கோட்டைக்காரி, படித்ததெல்லாம் புனலூரில். அவள் தமிழில் மலையாளம் கலந்து ஓடியது.

"அக்கா, செருப்போட நடக்கண்டா. அட்டை கேறும் கேட்டோ. இந்தா, உப்புப் பொட்டலம் கைல வச்சுக்கோங்க."

அட்டை ஏறத்தான் செய்தது. முதல் அட்டையை ஹஸீபா கணுக்காலில் பார்த்து அலறியபோது நாசர் குனிந்து உப்பைத் தொட்டு வைத்து எடுத்துப் போட்டார். அவர் தலை அவள் முழங்காலுக்கு நேராக இருந்தது. உச்சியில் முடி நன்றாகக் கொட்டியிருந்தது. போனில் பேசுகிறவருக்கு முடி கொட்டியதே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மரங்கள் விலகி ஏரி தெரிந்தபோது அவள் நின்றுவிட்டாள். மூன்று பக்கமும் மலை இறங்கி வந்து தண்ணீரில் முடிந்தது. மேகம் எதிர்க்கரையின் பாதி உயரத்தில் அசையாமல் நின்றது. தண்ணீருக்கு நடுவே செத்த மரங்கள் நாலைந்து, கிளைகளோடு வெளுத்து நின்றன. ஒரு சத்தமும் இல்லை. மேலகரத்து வீட்டில் சாலை இரைச்சல் எப்போதும் இருக்கும். அது இருந்தது என்பதே இப்போதுதான் தெரிந்தது.

"நல்லாருக்கு" என்றார் நாசர்.

"ஆமா" என்றாள்.

சாப்பிட்டார்கள். அவர் கறியை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். அதன் பிறகு ஸ்ரீவித்யா ஒரு தூண்டிலும் மண்புழு டப்பாவும் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கையில் வாங்கியதும் நாசரின் விரல்கள் மாறின. தூண்டில் நரம்பை இழுத்துப் பார்த்தார். முள்ளை நகத்தில் உரசிப் பார்த்தார். மிதப்பை அரை சாண் ஏற்றிக் கட்டினார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். "நீ கொஞ்சம் படு" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கரையோரப் பாதையில் போனார்.

ஹஸீபா கூடாரத்துக்குள் படுத்தாள். துணிச் சுவர் காற்றில் உப்பி அடங்கியது. இவ்வளவு தூரம் வந்தும் அவர் தூண்டிலோடு தனியாகப் போய்விட்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை. சோர்வாக இருந்தது. அசர் தொழுதாள். கூடாரத்துக்குள் அவருடைய போன் கிடந்தது. சிக்னல் இல்லாததால் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஃபிளாஸ்கில் டீ இருந்தது. ஒரு டம்ளரில் ஊற்றி, போனையும் எடுத்துக்கொண்டு அவர் போன பாதையில் நடந்தாள்.

நாணல் புதருக்கு அந்தப் பக்கம் அவருடைய நீலச் சட்டை தெரிந்தது. பாறை மேல் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் பேசுவது கேட்டது.

அவள் நின்றாள். அந்தக் குரல். வெள்ளிக்கிழமைக் குரல். ஏற்ற இறக்கத்தோடு, சிரிப்பு உள்ளே புரள, அவசரமே இல்லாமல் வருகிற குரல். இரண்டு வருடமாக அவள் காதில் விழாத குரல். யாரிடம் இப்படிப் பேசுகிறார்? பக்கத்தில் ஒருவரும் இல்லை. போனில் பேசுகிறாரா என்றால் போன் இவள் கையில் இருக்கிறது.

இன்னும் நாலடி வைத்தாள்.

"...அதாம் புள்ள, இங்கன காத்து மேக்க இருந்து வருது. மிதப்பு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கு. பரமசிவன் இருந்தாம்னா தூண்டி சரியில்லன்னு பழிய அது மேல போட்டுருப்பான். அட்டை கடிச்சிருந்தா அவன் கத்துத கத்து செங்கோட்டை வரைக்கும் கேட்டுருக்கும். மலையெல்லாம் பாத்தா நீ அசந்துருவ. தண்ணிக்குள்ள மரம் நிக்கி, வெள்ளையா..." மிதப்பைப் பார்த்துக் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு வழக்கம்போலக் கேட்டார். "நீ சாப்பிட்டியா? என்ன கொழம்பு?"

ஹஸீபா நாணலை விலக்கிக்கொண்டு பாறைக்கு அருகே வந்தாள்.

"கறிதான்" என்றாள். "நீங்கதான ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டீக."

நாசரின் முதுகு விறைத்தது. காது மடல் சிவந்து, அது கழுத்துக்கு இறங்குவதை அவள் பார்த்தாள். அவர் திரும்பிப் பார்க்க முயன்றார்.

"திரும்பாதீங்க" என்றாள். தன் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. டம்ளரை அவருடைய கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். அதே பாறையில், அவர் முதுகுக்கு முதுகு காட்டி, காட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். "அப்படியே தண்ணியப் பாத்துப் பேசுங்க. எப்பவும் பேசுத மாதிரி."

டீ குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் மெல்லச் சொன்னார்.

"கிறுக்குன்னு நெனச்சிருப்ப."

"இல்ல."

"அங்கன வெள்ளிக்கெழம தூண்டியப் போட்டுட்டுத்தான் ஒனக்குப் போன் போடுவேன். கல்லுக்கட்டு மேல உக்காந்து. காதுல வயர மாட்டிக்கிட்டா ஒரு கை தூண்டில, கண்ணு தண்ணில. வாய் பாட்டுக்கு ஒங்கிட்ட பேசும். பழகிப்போச்சு. தூண்டியக் கையில எடுத்தா நீ காதுல வந்துருத."

"எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே, மீன் பிடிச்சிட்டுப் பேசுதேன்னு."

"பாதிக் கவனத்துல பேசுதான்னு நெனச்சிருவியோன்னு..."

அவள் சிரித்துவிட்டாள். அவர் முதுகும் குலுங்கியது தெரிந்தது. பிறகு அவர் சொன்னவை அடுக்காக வந்தன. வீட்டில் அவள் எதிரே உட்கார்ந்தால் வாய் கட்டிக்கொள்கிறது. அவள் முகத்தைப் பார்த்தால் தப்பு செய்தவன் மாதிரி இருக்கிறது. இவ்வளவு வருடம் விட்டுவிட்டுப் போயிருந்தோம், இனி என்ன உரிமையில் பேச என்று தோன்றுகிறது. டம்ளர் இருக்கும் இடம்கூடத் தெரியாத வீட்டில் ஆம்பிளை என்று உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருக்கிறது.

"அங்க இருக்கும்போது இங்கன வந்தாப் போதும்னு இருந்துச்சு. இங்கன வந்தா..."

"சொல்லுங்க."

"வருத்தப்படுவ."

"நா ஒங்க மொகத்தப் பாக்கல. நீங்களும் எம் மொகத்தப் பாக்கல. சொல்லுங்க."

"அங்கன உள்ள ஹஸீபாவத் தேடுது" என்றார் நாசர். "காதுக்குள்ள இருந்தவள. நீ வீட்டுல அங்குமிங்கும் நடக்க, நா பாத்துட்டே இருக்கேன். ஆனா அவளத் தேடுது. இது எவ்வளவு பெரிய தப்பு?"

எதிரே காட்டில் ஒரு கிளையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹஸீபா அதையே பார்த்தாள். தான் இரண்டு வருடமாக வெட்கப்பட்டு உள்ளே பூட்டி வைத்திருந்ததை அவர் தன் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"எனக்கும்தான் தேடுது" என்றாள். "வெள்ளிக்கெழம மூணு மணி ஆனா கை போனத் தேடுது. நீங்க உள்ள தூங்கிட்டு இருப்பீக. எழுப்பி என்ன சொல்ல? உங்களத் தேடுதுன்னு உங்ககிட்டயே சொல்லவா?"

அவர் பின்னால் சாய்ந்தார். அவர் முதுகு அவள் முதுகில் பட்டது. சூடாக இருந்தது. தூண்டில் நரம்பு விர்ரென்று இழுபட்டது. அவர் பதறி எழுந்து சுண்டினார். மீன் மேலே வந்து, வெயில் இல்லாத அந்த வெளிச்சத்தில் ஒருமுறை புரண்டு, முள்ளிலிருந்து கழன்று விழுந்தது. "போச்சு" என்றார். "நீ பேச்சு குடுத்துட்ட." முப்பது வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவர் மாதிரி ஒரு சலிப்பு அதில் இருந்தது. அது அவளுக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் மேகம் ஏரி மேலேயே இறங்கிக் கிடந்தது. ஸ்ரீவித்யா இருவருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டாள். புர்காவுக்கு மேல் அதைப் போட்டு நின்ற ஹஸீபாவைப் பார்த்து நாசர் வாயைப் பொத்திக்கொண்டார். கால் மிதிக்கிற படகு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், இரண்டு பேரும் முன்னால்தான் பார்க்க முடியும்.

படகு கரையை விட்டு விலகியபோது அவள் திரும்பிப் பார்த்தாள். கரையில் செருப்புகள் இரண்டு ஜோடி கிடந்தன. பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. அவள் ஒரு வேகத்தில் மிதிக்க, அவர் ஒரு வேகத்தில் மிதிக்க, படகு வட்டமடித்தது. "ஒரே மாதிரி மிதி புள்ள." "நீங்கதான் அவசரப்படுதீக." கொஞ்சம் கொஞ்சமாக நேர்கோட்டுக்கு வந்தது.

நடு ஏரியில் அவர் மிதிப்பதை நிறுத்தினார்.

"ஒன்னய அன்னைக்கு ஐந்தருவிகிட்ட போட்ல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்" என்றார்.

அவளும் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஞாபகம் இருக்கா?"

"மறக்கல. இவ்வளவு பிந்தி எப்பிடிக் கேக்கன்னு விட்டுட்டேன்."

அவளுக்குக் கண் நிறைந்தது. துடைக்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு அது தெரியப்போவதில்லை. பிறகு அவள் வேறொன்று கேட்டாள்.

"நீங்க உக்காந்து பேசுவீகளே, அந்த எடம். அது எப்பிடி இருக்கும்?"

நாசர் யோசித்தார். பிறகு கையை நீட்டினார். "அந்தா, மேகம் நிக்குதுல்லா, அங்கனதான் ஃபேக்டரி. குழாய் மேல தீ எரிஞ்சிட்டே இருக்கும், பகல்லயும். இந்தப் பக்கம் நாணல் தெரியுதே, அது கல்லுக்கட்டுன்னு வச்சுக்கோ. ஆள் உயரக் கல்லு. சூடு பேன்ட்டு வழியா ஏறும், அட்டப்பெட்டியப் போட்டு உக்காருவோம். அந்த மொட்டை மரம் நிக்கித எடத்துல பரமசிவன். கொஞ்சம் தள்ளி நானு."

"ஏன் தள்ளி?"

"ஒங்கிட்ட பேசுதத அவன் கேட்டுருவாம்லா."

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். மொட்டை மரத்துக்கு இந்தப் பக்கம், தண்ணீர் லேசாகச் சுருங்கி விரிகிற இடம். அங்கே முப்பத்தைந்து வயதில், நாற்பதில், நாற்பத்தைந்தில், தலை நிறைய முடியோடு ஒருவர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, காதில் வயரோடு, என்ன கொழம்பு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் மேலகரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து ஒருத்தி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. அது இனி யாராலும் ஆகாது என்பதும் தெரிந்தது. போன வயது போனதுதான்.

"அந்தக் கல்லுக்கட்டு வரைக்கும் போவோமா?" என்று கேட்டாள்.

மிதித்தார்கள். நாணல் பக்கம் போய்ச் சேர்வதற்குள் சாரல் பிடித்துக்கொண்டது. கரையில் ஸ்ரீவித்யா விசில் ஊதிக் கையை ஆட்டினாள். நாசர் கையைத் தூக்கி அஞ்சு நிமிஷம் என்று விரல்களைக் காட்டினார். இருவரும் நனைந்தார்கள். அவர் பரமசிவனின் மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்தக் கதையை ஹஸீபா போனில் ஒரு முறை முழுவதும் கேட்டவள்தான். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இதெல்லாம் போன வருடம். நாசர் வீட்டில் இன்றைக்கும் அதிகம் பேசுகிறவர் இல்லை. எதிரே உட்கார்ந்தால் கண் சோற்றுக்குப் போய்விடும். ஆனால் டம்ளர் எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டார், ஊரோடு வந்துவிட்ட பரமசிவனை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டார், ஹஸீபா துணி காயப்போட மாடிக்குப் போனால் சில சமயம் பின்னாலேயே வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதாவது சொல்கிறார். அவள் திரும்பாமல் கேட்டுக்கொள்கிறாள். அந்தக் குரலைத் தேடுகிற தேட்டம் தீர்ந்துவிட்டதா என்றால் தீரவில்லை. இரண்டு பேருக்கும் அது உள்ளே இருக்கிறது. இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சித்திரையில் மறுபடி அந்த ஏரிக்குப் போனார்கள். தண்ணீர் வற்றி நாணல் வரைக்கும் தரை தெரிந்தது. படகுகளை ஏற்றிக் கட்டியிருந்தார்கள். மழை பெய்யட்டும், ஆனியில் வாங்க என்று ஸ்ரீவித்யா சொன்னாள். நாசர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு காய்ந்த ஏரித் தரையில் இறங்கினார். அன்று கல்லுக்கட்டு என்று காட்டிய நாணலைப் பார்த்துப் பத்தடி போய் நின்று, ஹஸீபாவுக்காகக் கையை நீட்டினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். சேறு மேலே காய்ந்து உள்ளே குளிர்ச்சியாக இருந்தது.